குட்டி அத்தையின் தாடை

நான் ஓர் அறைக்குள் நுழைந்தால் முதலில் என் தாடை வரும், பின்னால்தான் நான் வருவேன் என்று அண்ணன் சொல்வான். சின்ன வயதில் சொன்னபோது முதுகில் இரண்டு வைத்தேன். தலை நரைத்த பிறகும் சொன்னான், அப்போதும் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கரண்டி என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் அடி வாங்கினார்கள், மீதிப் பேர் சிநேகிதிகள் ஆனார்கள்.

கீழ்த்தாடை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் முகம் எனக்கு. வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே வந்துவிடும். ரொட்டியை முன்பல்லால் கடிக்க வராது, கடைவாய்க்குக் கொண்டுபோய்த்தான் கிழிக்க வேண்டும். மெல்லும்போது காதுக்குப் பக்கத்தில் டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். மற்றபடி என் முகத்தோடு எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பது என் வேலை. கரண்ட் போனதற்கு நான்தான் காரணம் என்பதுபோல ஊரே என்னைத் திட்டும். "நீயும் உன் மூஞ்சியும்" என்று யாராவது கத்தினால், "பார்த்திருந்தா இவ்ளோ தைரியமா பேச மாட்டீங்க சார்" என்பேன். பக்கத்து நாற்காலிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாடைதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். உண்மையில் மீட்டர் பிரிவில் இருந்த ஒருவர் என்னைக் கேட்டார். நல்ல மனிதர். ஒரு மாதம் யோசித்துவிட்டு நான்தான் வேண்டாம் என்றேன். பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்தோடு ஆயுள் முழுக்க இருக்க முடியாது என்று தோன்றியது. இதை வீட்டில் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். அது எனக்கே எனக்கென்று ஒரு பெருமையாக உள்ளே இருந்தது.

அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி முகம். அவனை விட்டுத் தாண்டிப் போனது அவன் மகளைப் பிடித்துக்கொண்டது. மூன்று வயதில் ஒரு நாள் அவள் ஏதோ கோபத்தில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றாள். "அடடே, குட்டி அத்தை வந்துட்டாங்க, வழி விடுங்க" என்றான் அண்ணன். அன்றிலிருந்து அவள் குட்டி அத்தை. கூப்பிட நேரம் இல்லாதபோது வெறும் குட்டி. அண்ணனும் அண்ணியும் ஜெராக்ஸ் கடை நடத்துகிறார்கள். மகளையும் கடையிலேயே போட்டு எடுத்தீர்களா என்று தெருவில் கேலி செய்வார்கள்.

எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம். அண்ணிக்கு இல்லை. அண்ணி நல்லவள், என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. ஆனால் மகளைத் தூங்க வைக்கும்போது அவள் முகவாயை உள்ளங்கையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிவிடுவாள். மாவு பிசைகிற மாதிரி தள்ளினால் நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் அறைக்குள் வந்தால் கையை எடுத்துவிடுவாள். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

கடையை விட்டு அவர்களால் வர முடியாது என்பதால், குட்டியைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது என் பொறுப்பு. கோணல் பல்லை நேராக்குகிற டாக்டர், சின்ன வயசு, பொறுமைசாலி. முதல் தடவை போனபோது குட்டிக்குப் பன்னிரண்டு வயது. "இப்ப கை வைக்கக் கூடாதும்மா. இந்த மாதிரி தாடை எல்லாரோடதும் நின்ன பிறகும் கொஞ்ச நாள் வளரும். இப்ப சரி பண்ணா, அது வளர்ந்து நம்ம வேலையைத் தாண்டிப் போயிடும். காத்திருக்கணும்" என்றார்.

காத்திருந்தோம். வருஷத்துக்கு ஒரு முறை பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, போன வருஷத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். வீட்டில் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருப்பார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணி, "நின்னுடுச்சாமா?" என்பாள். "இன்னும் கொஞ்சம் போயிருக்காம்" என்று சொல்லும்போது, என்னவோ நானே அதைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி குற்றவாளியாக நிற்பேன்.

குட்டிக்குப் பதினாறு நடக்கும்போது ஒரு நாள் டாக்டர் சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கினார். பக்கவாட்டில் வரைந்த மூன்று முகங்கள். நெற்றி, மேலுதடு, மோவாய் மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தால் நேரான முகம். மோவாய் பின்வாங்கி நின்றால் குவிந்த முகம். மோவாய் முன்னால் வந்து நடுமுகம் உள்வாங்கி இருந்தால் குழிந்த முகம். "மூணுமே மனுஷ முகம்தான், எதுவும் நோய் கிடையாது" என்றார். சொல்லிவிட்டு மூன்றாவது படத்தின் மேல் பேனாவை வைத்து, "நாம இங்க இருக்கோம்" என்றார்.

"வீட்ல வேற யாருக்காவது..." என்று ஆரம்பித்தவர், கதவோரம் இருந்த என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தாராளமா கேளுங்க டாக்டர். மறைச்சா மட்டும் மறையவா போகுது?" என்றேன். குட்டி களுக்கென்று சிரித்தாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "தப்பா எடுத்துக்கலைன்னா, உங்களையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா? உங்க தாடை எங்க போய் நின்னுருக்குன்னு தெரிஞ்சா, இவங்களோடது எங்க போய் நிக்கும்னு ஒரு மாதிரி ஊகிக்கலாம்."

என் முகம் ஒரு காரியத்துக்கு உதவுகிறது என்றால் எடுத்துக்கொள்ளட்டுமே என்று போய் நின்றேன். இரண்டு காதிலும் முளையைச் செருகித் தலையை அசையாமல் நிறுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் எங்கள் இருவரின் முகக்கோட்டையும் கம்ப்யூட்டரில் வரைந்தார். குட்டியுடையது நீலம், என்னுடையது சிவப்பு. நீலத்தை இழுத்துச் சிவப்பின் மேல் வைத்தார். நெற்றியிலிருந்து மூக்கு வரை இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. உதட்டுக்குக் கீழே சிவப்பு மட்டும் ஒரு விரல்கடை முன்னால் போயிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த உலகத்தில் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாள் என்று கோடு போட்டுக் காட்டிவிட்டார்களே என்று சந்தோஷமாக இருந்தது. சொல்லலாம் என்று குட்டி பக்கம் திரும்பினேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் டாக்டரிடம் கேட்டாள். "அப்ப நான் இப்படி ஆயிடுவேனா?"

"இப்படி ஆகாம இருக்கத்தானே ட்ரீட்மென்ட்" என்றார் அவர் ஆறுதலாக.

இப்படி என்பது அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம் அது நினைவில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், என் வாய் சும்மா இருந்ததில்லை. மறந்துபோய்ச் சொன்னதால்தான் அப்படி வலித்தது. பஸ்ஸில் வழக்கமாக என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அன்று ஜன்னல் கண்ணாடியில் தன் பக்கவாட்டு முகத்தைப் பார்க்க முடியுமா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் போனதும் அண்ணனிடம், "இனிமே யாரும் என்னை குட்டி அத்தைன்னு கூப்பிடக் கூடாது" என்றாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் செருப்பை ஓரமாக வைத்தேன்.

அவள் கல்லூரிக்குப் போன பிறகுதான் தாடை நின்றது. நிற்கும்போது அது என்னுடையதை விட அரை நூல் அதிகம் போயிருந்தது. இனி தாடையை அறுத்துப் பின்னால் தள்ளி வைப்பது ஒன்றுதான் வழி என்றார் டாக்டர். விட்டுவிட்டால் கடைவாய்ப்பல் தேய்ந்து, தாடை மூட்டு வலி வந்து, மெல்லவே சிரமப்படுவாள் என்றும் சொன்னார். அது பொய் இல்லை. என் காதோரத்து டிக் டிக் சில நாள் வலியாக மாறி, நான் கஞ்சி மட்டும் குடித்துக் கிடந்திருக்கிறேன்.

அறுவைக்கு முன் கம்பி போட வேண்டும், ஒன்றரை வருஷம். இங்கேதான் எங்களுக்கு யாரும் சரியாகப் புரியவைக்காத ஒன்று இருந்தது, அல்லது புரியவைத்தும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. தாடை கோணலாக வளர்ந்தால் பற்கள் தாமாகவே சாய்ந்து கொடுத்து அதைக் கொஞ்சம் மறைத்துவிடுமாம். கீழ்ப்பல் உள்ளே சாயும், மேல்பல் வெளியே சாயும், எப்படியாவது ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளப் பார்க்கும். "குடும்பத்துல விட்டுக்கொடுத்துப் போற மாதிரி" என்றார் டாக்டர். அந்த விட்டுக்கொடுத்தலை முதலில் கலைக்க வேண்டும். ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பில் நிமிர்த்தி நிறுத்திய பிறகுதான் தாடையை நகர்த்த முடியும். ஆக, கம்பி போட்டால் முகம் அழகாகும் என்று நினைத்துக்கொண்டிருந்த குட்டிக்கு, மாதாமாதம் தாடை இன்னும் முன்னால் வந்தது போல ஆகிக்கொண்டிருந்தது.

கல்லூரியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன என்று சொல்ல மறுத்துவிட்டாள். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள், வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே தொடாது, எதைச் சாப்பிட்டாலும் பிசைந்து விழுங்க வேண்டியிருந்தது. உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. இளைத்த முகத்தில் தாடை இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை டாக்டரிடம் கிளம்பும்போது நான் பையை எடுத்தேன். "நீ வராதே அத்தை, நானே போய்க்கறேன்" என்றாள்.

"ஏண்டி, கம்பி முறுக்கினா அழுவியே, யார் மடியில அழுவே?"

"அழ மாட்டேன்."

"சரி, எனக்கும் லீவுதான். சும்மா துணைக்கு வரேன்."

"வராதேன்னு சொன்னா வராதே அத்தை! உன்னைப் பார்க்கறாங்க, உடனே என்னைப் பார்க்கறாங்க. மறுபடி உன்னைப் பார்க்கறாங்க. பஸ்ல எல்லாரும்." சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். மாஸ்க்குக்கு மேலே கண்ணில் நீர் நிறைந்து நின்றது. நான் பையை ஆணியில் மாட்டினேன். அவள் போய்விட்டாள். அன்று வீட்டில் இருக்கப் பிடிக்காமல், லீவு நாளில் அலுவலகத்துக்குப் போய் இன்னொருத்தியின் முறையில் உட்கார்ந்து, மூன்று தெருக்காரர்களிடம் சண்டை பிடித்தேன். அவர்கள் வீட்டிலெல்லாம் நியாயமாகவே கரண்ட் இல்லை, பாவம்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஒரு வாரம் இருக்கும்போது அறுவை செய்யப்போகிற டாக்டர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறதாம், கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்ச்சி தருவது அதுதான். எலும்பை அறுக்கும்போது அது அதிர்ந்துவிடும். முதலில் எல்லோருக்கும் மரத்துப்போகும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும். சிலருக்கு முழுசாகத் திரும்பாமலே போகலாம்.

குட்டி வீட்டுக்கு வந்ததும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றாள் உள்ளேயிருந்து. அண்ணன் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு கடைக்குப் போய்விட்டான். சிக்கல் அவளுக்கும் தெரியும். பற்களை நிமிர்த்திவிட்டார்கள், தாடை மட்டும் நகரவில்லை. இப்போது நிறுத்தினால் பழைய முகமும் கிடைக்காது, புது முகமும் கிடைக்காது. எதையும் கடிக்க முடியாத வாயோடு நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் மடித்தாள். ஒரே துண்டை இரண்டு தரம் பிரித்து மடித்தாள்.

"நீ சொன்னா கேப்பா" என்றாள்.

"அண்ணன் சொல்லியே கேக்கலை அண்ணி. நான் என்ன சொல்றது?"

"நீ சொல்றதும் நாங்க சொல்றதும் ஒண்ணு இல்லையே." தலையை நிமிர்த்தாமல் துண்டிடம் பேசினாள். "அந்தக் கஷ்டம் என்னன்னு உனக்குத்தானே தெரியும். உன் வாயால ஒரு வார்த்தை சொல்லேன்."

எந்தக் கஷ்டம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதே துண்டை மூன்றாம் தரம் பிரித்ததைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கதவைத் தட்டினேன். குட்டி திறந்தாள். மாஸ்க் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவளுடைய முழு முகத்தையும் வெளிச்சத்தில் பார்த்தேன். உதடுகள் மூட முடியாமல் விலகி நின்றன. கட்டிலில் நான் உட்கார்ந்ததும் வந்து மடியில் தலை வைத்துக்கொண்டாள். எவ்வளவு காலம் ஆயிற்று அப்படிப் படுத்து. தலையைக் கோதிக்கொண்டே இருந்தேன்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"என் வயசுல உனக்கு இது கிடைச்சிருந்தா, நீ பண்ணிட்டிருப்பியா?"

உண்மை என்னவென்று எனக்குத் தெரியும். பண்ணியிருக்க மாட்டேன். போய்யா வேலையைப் பார்த்துக்கொண்டு என்றிருப்பேன். என் கரண்டி முகத்தோடு ஓடி விளையாடியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்க வேண்டாம் என்றிருக்கிறேன். அதையெல்லாம் சொன்னால் அவள் எழுந்து உட்கார்ந்து, "அப்ப எனக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு இந்த மூடாத வாயோடு எத்தனை வருஷம் இருப்பாள்? என்னை ஒரு பல் டாக்டரும் நடுவில் கலைத்துப் போட்டதில்லை. நான் முழுசாக இருந்துதான் சந்தோஷமாக இருந்தேன்.

"பண்ணியிருப்பேன்" என்றேன்.

"நிஜமா?"

"மறுநாளே ஓடியிருப்பேன்டி."

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. என்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவள், அவ்வளவு சுலபமாக ஏமாறமாட்டாள். இன்னும் ஏதாவது கொடுத்தால்தான் நம்புவாள். என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது ஒன்றுதான்.

"ஆபீஸ்ல மீட்டர் பிரிவுல ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்தேன். "எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஒரு நாள் போய்க் கேட்டுட்டேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். நீங்க நல்லவங்க, ஆனா வேண்டாங்கன்னுட்டார்."

சொல்லி முடித்ததும் எனக்கு உண்மையாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அது என் நடிப்பு என்று நினைத்தால் உங்கள் இஷ்டம். நான் வேண்டாம் என்று சொன்ன அந்த நல்ல மனிதரை, என்னை வேண்டாம் என்று சொன்னவராக என் கையாலேயே மாற்றிவிட்டேன். மூக்கை உறிஞ்சியதைத் தவிர அவர் ஒரு பாவமும் செய்யாதவர்.

குட்டி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஏன் அத்தை இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலை? சிரிச்சுக்கிட்டே இருந்தியே" என்று கேவினாள். "எப்படித் தாங்கிக்கிட்டே?" கதவுக்கு வெளியே அண்ணி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அவளும் கேட்டுவிட்டாள். மறுநாள் காலை குட்டி அண்ணனிடம், தேதியை மாற்ற வேண்டாம் என்றாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. முகம் பூசணிக்காயாக வீங்கி, இரண்டு தாடையையும் ரப்பர் போட்டுக் கட்டி, சிரிஞ்சில் சூப்பு ஊற்றினோம். பேச முடியாது, ஜாடைதான். நானும் அண்ணியும் மாறி மாறி இருந்தோம். அண்ணி இப்போதெல்லாம் என்னிடம் ஒரு தனி மரியாதையோடு பேசினாள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள், கால் வலிக்கிறதா என்று கேட்டாள். அண்ணன் தாடைக் கேலியை அடியோடு நிறுத்திவிட்டான். நான் அவன் முதுகில் போடுவதற்குக் காரணமே இல்லாமல் போயிற்று. வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்கள். துக்க வீட்டில் நடுவில் உட்கார்ந்திருப்பவளிடம் பேசுகிற மாதிரி.

வீக்கம் வடிய வடியப் புது முகம் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மூக்கு எடுப்பாகத் தெரிந்தது, உதடு உதட்டோடு சேர்ந்தது. வாசலில் அவளைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாள், "அப்பா சாயல் அப்படியே வந்துடுச்சே" என்றாள். அண்ணன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மரமரப்பு மட்டும் போகவில்லை. கீழுதட்டில் கஞ்சி வழிந்தாலும் தெரியாமல் பேசிக்கொண்டே இருப்பாள். யாராவது ஜாடை காட்டினால் வெட்கப்பட்டுத் துடைப்பாள், தப்பான பக்கத்தில். தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து ஒரு விரலால் மோவாயைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். "இன்னிக்குக் கொஞ்சம் தெரியுதுன்னு நினைக்கறேன் அத்தை" என்பாள். அவள் கண்ணைப் பார்த்தாலே தெரியவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு நாள் கேட்டாள், "நான் பண்ணிக்கிட்டது சரிதானே?" "இதென்னடி கேள்வி? நானா இருந்தா மறுநாளே ஓடியிருப்பேன்னு சொன்னேனே" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருந்தது போலிருக்கிறது. பிறகு அடிக்கடி கேட்டாள். நானும் சளைக்காமல் அதையே சொன்னேன்.

மழைக்காலம் வந்தபோது அவள் ஓரளவு மென்று சாப்பிடத் தொடங்கியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகள் இன்னும் மேஜையில் கிடந்தன. அண்ணன் பல் குத்திக்கொண்டிருந்தான். குட்டி என் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, உனக்கு ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"நான் எப்ப கோபப்பட்டேன்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட உன்னைப் பத்திப் பேசினேன். உன்னோட பழைய எக்ஸ்ரே அவர்கிட்ட இருக்கில்ல, அதை எடுத்துப் பார்த்தார். வயசு ஒரு தடையே இல்லையாம் அத்தை. எலும்பு உறுதியா இருந்தா இப்பகூடப் பண்ணலாமாம். அடுத்த வாரம் உனக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன். அப்பாகிட்ட, அம்மாகிட்ட எல்லாம் பேசியாச்சு."

அண்ணன் தலையாட்டினான். "உனக்குன்னு நாங்க என்ன செஞ்சோம் இத்தனை வருஷமா" என்றான். அண்ணி தட்டை எடுப்பதற்கு எழுந்தவள் எடுக்காமல் நின்றாள்.

"நான் கூடவே இருப்பேன்" என்றாள் குட்டி. "கம்பி போடும்போது பஸ்ல நான் உன் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும். கஷ்டமா இருக்கும், ஆனா அப்புறம் நிம்மதி அத்தை. இனிமேலாவது நீ நிம்மதியா இரு."

அவள் பேசப் பேச உதட்டோரம் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. யாருக்கு வேண்டும் உங்கள் நிம்மதி, நான் எப்போதடி நிம்மதி இல்லாமல் இருந்தேன் என்று மேஜையைத் தட்டிக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால் அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிருக்கும். அவளை அறுவைக்கு அனுப்பியது ஒரு பொய் என்று தெரிந்துபோயிருக்கும். உணர்ச்சி திரும்பாத அந்த மோவாயைக் காலையில் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

பருக்கையை விரலால் எடுத்துத் தட்டில் போட்டேன். "எனக்கு வயசாயிடுச்சுடி" என்றேன். "அந்த ஆசையெல்லாம் எப்பவோ விட்டுப்போச்சு. டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு."

குட்டி என்னைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். என் தாடையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "பாவம் அத்தை, பாவம் அத்தை" என்று அழுதாள். அண்ணியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் முகத்துக்காக அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் முறை. அது அழ வேண்டிய முகமில்லை என்பது அங்கே தெரிந்த ஒரே ஆள் நான்தான். நானும் அவர்களோடு சேர்ந்து அழுதேன்.